எட்டில் வராத படம்

படம் மேலிருந்து வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆபீஸ் நெட் அப்படித்தான். ஒரு படம் முழுசாக வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் எட்டுப் படங்களையும் ஏற்றி வைத்தவள் சங்கவிதான். எட்டிலும் மேலே நீல வானம்தான் இருக்கும். இதில் கறுப்பாக ஏதோ வந்தது. பின்னிய மூங்கில். ஈரமான மூங்கில்.

பக்கத்தை மூடினாள்.

மூலக்குளத்தில் ஒரு வீட்டு மாடிதான் ஆபீஸ். வெளிநாட்டு இணையப் பக்கங்களைத் தமிழில் அடித்துப் போடுகிற வேலை. இந்த வாரம் வந்தது ஒரு ஜப்பான் பேய்க் கார்ட்டூன். முதலாளி ஜானகிராமன் அதை அனிமே என்றுதான் சொல்லவேண்டும் என்றார். பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால், உங்கள் குணத்துக்கு எந்தப் பேய் பொருத்தம் என்று படத்தோடு சொல்லும். நரிவால் பெண், விளக்கு தூக்கும் கிழவன், குடைக்குள் குடியிருக்கும் பையன் என்று மொத்தம் எட்டு. பதில்களை மாற்றி மாற்றிப் போட்டு, எட்டும் வருகிறதா என்று பார்த்துத் தாளில் டிக் அடிக்கவேண்டும். பக்கத்து சீட்டுக் கலைவாணிக்கு ஏழு வந்துவிட்டது. சங்கவியின் தாளில் ஒரு டிக்கும் இல்லை.

"இன்னாடி, எந்தப் பேயும் ஒன்ன சேத்துக்க மாட்டேங்குதா?" என்றாள் கலைவாணி. "எனக்கு நரிவால்காரி ரெண்டு தபா வந்துட்டா. எங்க மாமியார் பாத்தா ஆமாம்னு சொல்லும்."

"நெட்டு சரியில்ல."

"எனக்கும் அதே நெட்டுதான். நீ மனசுல இருக்கறத சொல்லு, தானா வரும்."

கலைவாணி சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவப் பின்னறைக்குப் போனாள். ஜானகிராமன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வைகாசி வெயில், மணி இரண்டேகால். வெயிலுக்கு ஜன்னலில் ஒட்டியிருந்த பழைய பேப்பர் பழுத்து, அறை முழுக்கத் தேயிலைத் தண்ணி நிறத்தில் வெளிச்சம். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. அதற்கு அடியில் வேறொரு சத்தம். சொட்டு. சொட்டு. பின்னறைக் குழாய் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடியும் முதல் கேள்வி. வாசலில் தெரியாத ஒருவர் நின்றால் என்ன செய்வீர்கள்? இந்த வரியைத் தமிழில் அடித்ததே அவள்தான். போன தடவை 'கதவைத் திறப்பேன்'. இந்தத் தடவை 'திறக்க மாட்டேன்'. மற்ற ஒன்பதையும் தலைகீழாக மாற்றினாள்.

அதே படம். மூங்கில் கூடையின் அடிப்பக்கம். இந்தத் தடவை இன்னும் கீழே இறங்கியது. கூடைக்குக் கீழே துணிச் சுருள், சும்மாடு. பச்சைத் துணி, ஓரத்தில் வெள்ளைக் கோடு.

அது பள்ளிக்கூடத் தாவணி. சங்கவி பத்தாவது படித்தபோது போட்டது. அதைக் கிழித்துச் சுருட்டி நாலு வருஷம் தலையில் வைத்திருந்தவள் அவள் அம்மா அஞ்சம்மாள்.

சங்கவி விரல்களை முகர்ந்து பார்த்தாள். தினம் காலையில் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வம்பாகீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறுவாள். மீனவக் குப்பத்துப் பெண் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு உப்பளம் பகுதியில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். விரலில் எலுமிச்சை வாசம்தான் இருந்தது. ஆனால் அறையில் வேறு வாடை வந்துகொண்டிருந்தது. ஐஸ் கரைந்து வடிகிற மீன் தண்ணி.

போன வைகாசியில் இதே நேரம்தான். அன்றைக்குச் சங்கவி சோறு எடுத்துவர மறந்துவிட்டாள். அஞ்சம்மாள் மீன் விற்றுக்கொண்டு வில்லியனூர் ரோடு வரைக்கும் நடந்து, கூடையில் சாக்குக்கு அடியில் டிபன் பாக்ஸை வைத்து, ஆபீஸ் படி ஏறி வந்து நின்றாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. முகம் வெந்துபோயிருந்தது.

உள்ளேயிருந்து கலைவாணி, "யாரு சங்கவி?" என்று கேட்டாள்.

"மீன்காரி" என்றாள் சங்கவி. அம்மாவைப் பார்த்து, "இன்னிக்கு மீனு வேணாம், போம்மா."

அஞ்சம்மாள் டிபன் பாக்ஸை வெளியே எடுத்திருந்தாள். அதை மறுபடியும் சாக்குக்கு அடியில் தள்ளினாள். பெற்ற மகளிடம், வீட்டுக்கார அம்மாவிடம் பேசுவது போல, "சரிங்கம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

"கீழ கொழா இருக்கும் பாரு."

மத்தியானத்தில் அந்தக் குழாயில் தண்ணி வராது. சங்கவிக்குத் தெரியும்.

ரெட்டியார்பாளையம் தாண்டி ரோட்டோரத்தில் அஞ்சம்மாள் விழுந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை. கூடையை யாரோ வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. மூன்று நாள் லீவு கேட்டபோதும் சங்கவி, தூரத்து உறவில் ஒரு பெரியம்மா தவறிவிட்டதாகத்தான் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்துக் கலைவாணி கேட்டாள், "அந்த மீன்காரி அப்புறம் வரவே இல்ல இல்ல?" சங்கவி, "ம்" என்றாள்.

கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. மோடத்தின் பச்சை விளக்குகள் அணைந்தன. கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிந்தது.

நெட் இல்லை. படம் இறங்கிக்கொண்டிருந்தது.

சும்மாடு. அதற்குக் கீழே முடி. ஓரங்களில் மீன் தண்ணி வழிந்து ஒட்டிய முடி. மவுஸை அசைத்தாள். அசையவில்லை. திரையை அணைக்கக் கை போனது. போன கை நின்றது. பார்க்கவேண்டும் போல இருந்தது. அம்மா முகத்தை ஒரு தரம். பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். கலைவாணி வருவதற்குள்.

அப்போதுகூட, கலைவாணி வருவதற்குள்.

நெற்றி வந்தது.

அம்மா காலணா அளவுக்குக் குங்குமம் வைப்பாள். இதில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம். இடது புருவத்தில் தழும்பு. அம்மாவுக்குத் தழும்பு கிடையாது.

சங்கவி தன் இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். தழும்பு விரலில் பட்டது.

அம்மா யார் என்று பத்துக் கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நீ யார் என்றுதான் கேட்டது.

தலையில் கனம் இறங்கியது. மெதுவாக. கழுத்து உள்ளே போனது. பிடரியில் ஒரு சொட்டு. சில்லென்று. முதுகு வழியாக இன்னொன்று. கை தானாக மேலே போனது. மூங்கில்.

எழுந்தாள். ஓடினாள். கதவைத் தள்ளிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காலில் செருப்பு இல்லை. சுடிதார் இல்லை. முழங்கால் வரை நனைந்த புடவை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே மின்விசிறி முனகியது. கரண்ட் வந்துவிட்டது. கதவைத் தட்டினாள்.

கலைவாணிதான் திறந்தாள். கையில் ஈர டிபன் பாக்ஸ். சங்கவியை மேலிருந்து கீழே பார்த்தாள். தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை.

"கலை, நான்தாண்டி" என்று சொல்ல வாயைத் திறந்தாள். "தண்ணி" என்று வந்தது. அது அம்மா குரல்.

கலைவாணி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பினாள். "யாரு சங்கவி இது?"

சங்கவியின் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சங்கவியின் துப்பட்டா. சங்கவியின் பின்னல். தாளில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மீன்காரி. இன்னிக்கு வேணாம்னு சொல்லு. தண்ணின்னா கீழ கொழா இருக்கும்."

"சரிங்கம்மா" என்றது சங்கவியின் வாய்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கால்கள் இறங்கின. ஒவ்வொரு படிக்கும் கூடைக்குள் எதுவோ இடித்தது. டங். டங். எவர்சில்வர். தொட்டாள். இன்னும் சூடு இருந்தது.

கீழே குழாய். திருகினாள்.

உஸ்ஸென்று காற்று வந்தது. கேட்டுக்கு வெளியே ரோடு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கால்கள் அந்தப் பக்கம் திரும்பின.