அணைந்தவுடன் எரிந்த விளக்கு!

"ஐயோ... மாமா பார்ட்னரைக் கொன்னுட்டாரு!"

கம்பத்தாரின் பட்டறையில் வேலை பார்க்கும் அவர் மச்சான் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

கம்பத்தார் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். பழைய தெருவிளக்குகளைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடியும் எரிய வைக்கிற மனிதர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஜன்னலே இல்லாத அவருடைய பட்டறையில், இரும்புக் கம்பங்களுக்கு நடுவே, பார்ட்னர் மண்டை பிளந்து கிடந்தார்.

போலீஸ் வந்தது. கம்பத்தாரையும் மச்சானையும் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்தது. பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

"என்ன பார்த்தே? சொல்லு."

"கரண்ட் போச்சு சார். மடேர்னு ஒரு சத்தம்! உடனே கரண்ட் வந்துடுச்சு. இந்த லைட் வெளிச்சத்துல பார்த்தேன்... மாமா கையில இரும்புக் குழாய்!"

"டேய்! உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியாடா?"

"நீங்க எங்கே இருந்தீங்க?" இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"பின்பக்கம் கம்பத்துக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன் சார்."

"சாட்சி?"

"...கம்பம்தான்."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். அண்ணாந்து பார்த்த கம்பத்தார் சட்டென்று கத்தினார்.

"சார்! அது மெர்க்குரி விளக்கு! சூடா இருக்கும்போது அணைஞ்சா உடனே எரியாது. ஆறின பிறகுதான் மெல்ல மெல்ல வெளிச்சம் வரும். அதுவரைக்கும் இங்கே கும்மிருட்டு. இவன் எப்படி என்னைப் பார்த்திருப்பான்?"

மச்சானின் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் சுவிட்சை அணைத்தார். இருட்டு!

மறுபடி போட்டார்.

பளிச்!

கம்பத்தார் பல்பை உற்றுப் பார்த்தார்.

"இ... இது என் பல்பு இல்ல சார்! யாரோ மாத்திட்டாங்க!"

மச்சானுக்குப் போன உயிர் திரும்பியது. "நல்லாக் கதை விடறாரு சார்! இது எல்.இ.டி. ரொம்ப நாளா இதுதான் எரியுது. கொலை நடந்தப்பவும் இதே பல்புதான்!"

"நிச்சயமா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்!"

கைவிலங்கு கம்பத்தாரை நோக்கி நீண்டது...

"சார்..."

வாசலில் அவர் மனைவி. அழுது சிவந்த கண்கள்.

"அந்த பல்பை மாட்டினது நான்தான்."

"எப்போ?"

"இப்பத்தான். உங்க போட்டோகிராபர், வெளிச்சம் பச்சையா விழுது, வேற பல்பு இருக்கான்னு கேட்டார். பின்பக்கக் கம்பத்துல இருந்ததைக் கழட்டி மாட்டினேன்."

போட்டோகிராபர் தலையைச் சொறிந்தார். "ஆமா சார். பழசு அந்த மேஜை மேல இருக்கு."

இன்ஸ்பெக்டர் மச்சானைப் பார்த்தார். "இப்ப மாட்டின பல்பு வெளிச்சத்துல அப்பவே பார்த்துட்டியா ராசா?"

மச்சான் அவள் பக்கம் திரும்பினான். "அ... அக்கா..."

"பேசாதே! என் புருஷனைத் தூக்குல ஏத்தப் பார்த்தியேடா, பாவி!" பளாரென்று அறைந்தாள். அறைந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவன் ஆயிற்றே!

அவன் உடைந்தான். "புது இரும்பைத் துருப்பிடிக்க வெச்சு, பழைய கம்பம்னு வித்தேன் சார்... பார்ட்னர் கண்டுபிடிச்சிட்டார். மாமாகிட்டே சொல்றேன்னார். கரண்ட் போனதும்... அடிச்சிட்டேன்..."

விலங்கு கை மாறியது. கம்பத்தார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தோளில் தட்டினார் இன்ஸ்பெக்டர்.

"தேடித் தேடி விளக்கு வாங்கினது நீங்க... ஆனா பல்பு வாங்கினது உங்க மச்சான்!"