தட்டாமல் திறந்த கதவு

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணி. மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கிய அருமைநாதன், அந்தப் பழைய யூதச் செபக்கூடத்தின் கதவைத் திறந்தார். வேலைக்கு அன்றுதான் முதல் நாள். ஹீட்டரைக் கூட்டிவைத்து, படியில் உறைந்திருக்கும் பனிக்கு உப்புப் போட்டு, செபத்துக்கு வரும் கிழவர்களுக்குக் கோப்பி வைக்க வேண்டும். நாற்பது வருடமாக அந்த வேலையைப் பார்த்த ஹெர்ஷல் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சாவிகள் கோத்த திறப்புக் கோர்வை மட்டும் ஒரு கடித உறையில் வந்திருந்தது.

உள்ளே கும்மிருட்டு. மெழுகுதிரி அணைத்த மணம் வந்தது. அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிராது என்பதுபோல.

விளக்கைப் போட்டார். நடுக்கூடத்து வாசிப்பு மேடையில் ஒரு தடித்த புத்தகம் விரிந்து கிடந்தது.

யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். ஏழரைக்கு றெபேக்கா வந்தாள். அதே நகரத்துப் பியர்பொன்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் எபிரேயம் படித்தவள். எழுநூறு வருடத்துக்கு முன் ஒரு ரபி, அதாவது யூத குரு, செபக்கூட ஒழுங்குகளை எல்லாம் கையால் எழுதிவைத்த புத்தகம் அது. எந்த நாளில் எந்தச் செபம், எங்கே எழும்பி நிற்பது, யார் கதவைத் திறப்பது என்பதுவரை அதில் இருந்தது. அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கத்தான் அவளை அமர்த்தியிருந்தார்கள்.

மேடையைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"அங்கிள், இதை ஆர் வெளியிலை எடுத்தது?"

"நான் வரேக்கை இப்பிடித்தான் கிடந்தது, பிள்ளை."

"வெள்ளிக்கிழமை நான் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் போனனான். ரெண்டு திறப்புத்தான் இருக்கு. ஒண்டு என்னட்டை. மற்றது உங்கட கோர்வையிலை."

அவள் கண் அவர் கையிலிருந்த கோர்வைக்குப் போனது. அந்தப் பார்வை அருமைநாதனைச் சுட்டது.

செவ்வாயும் புத்தகம் மேடையில் இருந்தது. புதனும் வியாழனும் அப்படியே. நான்கு நாளும் ஒரே பக்கம்.

அவருக்கும் சந்தேகம் முளைத்தது. இவளிடம் வாசல் திறப்பு இருக்குமோ? புத்தகத்தைக் கொண்டுபோகப் பார்க்கிறாளோ, பழியைத் தன் தலையில் போடுவதற்கு? கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சில் போன் கதைத்தவள், அவர் காலடி கேட்டதும் சட்டென்று நிறுத்தினாள். அவள் தோளில் தொங்கிய பையும் பெரியது. அன்று மத்தியானம் அலுமாரியைத் துடைக்கப் போனவர், கதவின் அடியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய டேப் ஒட்டியிருப்பதைக் கண்டார். அவளும் அவருக்குப் பொறி வைத்திருக்கிறாள்.

வியாழன் பின்னேரம் நிர்வாகக் குழுத் தலைவி இருவரையும் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள்: இன்னும் ஒருமுறை நடந்தால் பொலிஸ்தான். அருமைநாதன் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்தவர்.

வெளியே வந்ததும் அலுமாரித் திறப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"ரெண்டையும் நீயே வைச்சிரு. நாளைக்கு என்ன நடக்குதெண்டு பாப்பம்."

"ஓம், பாப்பம்," என்றாள் அவள், அவர் கண்ணைப் பார்த்தபடியே.

வெள்ளி காலை ஊரே பனியில் மூடிக் கிடந்தது. வாசல் படியில் ஒரு காலடிகூட இல்லை. அவள் வரவில்லை, யாருமே வரவில்லை என்ற நிம்மதியோடு கதவைத் திறந்தார்.

மேடையில் புத்தகம் விரிந்து கிடந்தது.

அருமைநாதன் அசையவில்லை. நீள வாங்குகளில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் மழையில் நனைந்த கம்பளியின் வாடை, பலபேர் நெருங்கி இருக்கும் இடத்தின் வெக்கை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு மேடையிலிருந்து ஒரு குரல், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், நிதானமாகக் கூப்பிட்டது.

"அருமைநாதன் பென் செபமாலை."

றெபேக்கா பஸ்ஸால் இறங்கியபோது அவர் தெருவோரப் பனியில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கேட்டதைச் சொன்னார். அவள் உள்ளங்கையை விரித்தாள்; இரண்டு திறப்புகளும் அவளிடம்தான் இருந்தன.

"பென் எண்டா மகன், அங்கிள். வாசிக்க ஆளைக் கூப்பிடுறது அப்பிடித்தான். இன்னாரின்ர மகன் இன்னார் எண்டு." கொஞ்சம் தயங்கினாள். "செபமாலை ஆர்?"

"என்ர அப்பா. எங்கட ஊர் பேசாலையிலை செத்தவர். என்ர பேப்பர் ஒண்டிலையும் அவற்ற பேர் இல்லை. குடும்பப் பேர் எண்ட இடத்திலை என்னை இஞ்சை அனுப்பின ஏஜென்சிக்காரன் தன்ர எண்ணத்துக்கு எதையோ எழுதி விட்டவன்."

அவள் குரல் தாழ்ந்தது.

"அந்த விரிஞ்சு கிடக்கிற பக்கத்தை நான் வாசிச்சனான். சும்மா பழைய வழக்கம் எண்டு விட்டிட்டன். காலமை கதவு திறக்கிறவர் மூண்டு தரம் தட்டிப்போட்டு நிக்கவேணுமாம். உள்ளை செபிக்கிற செத்த ஆக்கள் எழும்பிப் போக நேரம் குடுக்கவேணுமாம்."

ஹெர்ஷல் நாற்பது வருடமும் தட்டியிருப்பார்.

"தட்டாமல் போனால்?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா மறுக்கக்கூடாதாம். மேடைக்குப் போய்ச் செபம் சொல்லிப்போட்டு, முதுகு காட்டாமல் வெளியிலை வரவேணுமாம்."

"மறுத்தால்?"

அவள் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

அருமைநாதன் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். றெபேக்கா வாசலில் நின்றாள். மேடைக்கு ஏழு படி. ஒவ்வொன்றாக ஏறினார். புத்தகத்தில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் பேசாலைக் கோவிலில் படித்த செபத்தைத் தமிழில் சொன்னார். நடுவில் இரண்டு தரம் தடுமாறினார்.

முடித்து அவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது.

"ஆமென்."

வெறும் வாங்குகள் எல்லாம் சேர்ந்து சொன்னது போல இருந்தது.

மேடையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வெளியே வந்தார். றெபேக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வேலை நாளிலிருந்து அவர் மூன்று தரம் தட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே வாங்குகள் முனகும். பல கால்கள் இழுபட்டுப் போகும். பிறகு அமைதி. புத்தகம் அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. தலைவியும் அதைப் பற்றிப் பிறகு வாயெடுக்கவில்லை.

பெப்ரவரியில் றெபேக்காவின் வேலை முடிந்தது. கடைசி நாள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அங்கிள், ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நீங்கள் மேடையிலை நிக்கேக்கை, உங்களுக்குப் பக்கத்திலை ஒருத்தர் நிண்டவர். தலையை மூடி வெள்ளைத் துணி போட்டிருந்தவர். உங்கட தோளிலை கை வைச்சிருந்தவர். உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

அருமைநாதன் கோப்பிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தெரியும், பிள்ளை," என்றார். "அவர் அந்தக் கையை இன்னும் எடுக்கேல்லை."