ஒருவர் சம்மதம்

ஒலிப்பதிவில் அவள் சிரித்தாள். அதுதான் அவளுக்கே முதலில் உறுத்தியது. தனியாகப் புலம்புகிறவள் புலம்புவாள். நடுவில் நிறுத்தி, யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு இப்படி வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள்.

குரல் அவளுடையதுதான். பின்னால் ஓடிய குழாயும் அவள் வீட்டுச் சமையலறைக் குழாய்தான். கணவர் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது சங்க விவகாரங்களைத் தனக்குத்தானே பேசிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. தொழிற்சங்கச் செயலாளராக அவள் பேசினால் ஆலையில் காது கொடுக்க ஆள் உண்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆலை விபத்தை நிர்வாகம் மூடி மறைத்ததென்று ரகசியமாக வாக்குமூலம் கொடுத்தவர்களின் பெயர்களை அப்படித்தான் சொல்லியிருந்தாள். நிர்வாகத்து வக்கீல் இன்று அதை நீதிமன்றத்தில் ஒலிக்கவிட்டார்.

“திருட்டுத்தனமா பதிவு பண்ணா செல்லாதுன்னு சொன்னியேம்மா?” என்றாள் தன் வக்கீலிடம்.

தங்கை வயதுப் பெண்ணான வக்கீல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வெளியாள் ஒட்டுக்கேட்டாதான் செல்லாதுக்கா. பேசற ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்மதிச்சா போதும். புதுச் சட்டம்.”

“எந்த ரெண்டு பேர்?”

“நீங்க. அப்புறம் அவங்க. நீதிபதி தனி அறையில விசாரிச்சாரு. சம்மதம்னு சொல்லிட்டாங்களாம். பேரை வெளியில சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. உங்க வீட்டுலயே இருக்கறவங்கன்னு மட்டும் சொன்னாரு.”

“நான் தனியாத்தானே இருக்கேன்.”

வக்கீல் குரலைத் தாழ்த்தினாள். “வெளிய வந்தப்ப நீதிபதி முகத்துல ரத்தமே இல்லக்கா.”

பெயர் வெளிப்பட்டவர்கள் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்று ஒரு பொழுது யார் வீட்டிலாவது தங்கலாமென்று கைப்பேசியைத் தடவினாள். அதிலிருந்த எண்கள் எல்லாமே அவர்களுடையவை.

வீட்டுக்கே வந்தாள். எல்லா விளக்குகளையும் போட்டு, பீரோவைத் திறந்து, கட்டிலுக்கடியில் குனிந்து, திரைச்சீலைகளை உதறி, ஈரச் சுவரின் பூஞ்சை வாடைக்கும் சோப்பு மணத்துக்கும் நடுவே, தூங்கி எழுந்தவரின் வாய்நாற்றம்போல வெதுவெதுப்பாக ஒன்று அறைக்கு அறை தனக்கு முன்னால் நகர்வதை உணர்ந்து, கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பேசக்கூடாது. ஒரு வார்த்தைகூட.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். குளிர்பதனப் பெட்டியின் உறுமல் நின்றது. தெருச் சத்தமும் அடங்கியது.

எதிர் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. மெதுவாக. பிறகு கிறீச்சிட்டது. கனம் ஏறியதுபோல.

“கோவமா?”

அன்பான குரல். மிகப் பக்கத்தில்.

இந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருடமாயிற்று. அவள் கை தானாகத் தழைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே பதறியது. உதடு பிரிந்துவிட்டது.

“இல்ல,” என்றாள். “இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா...”

நாற்காலியில் யாருமில்லை. எதிர்ப்புறம் மேசை விரிப்பில் மட்டும் இரண்டு முழங்கைகளின் பள்ளம் அழுந்தி விழுந்தது. கேட்பதற்கு வாகாக, முன்னால் சாய்ந்து.