வீடு காட்டுதல்

ஹாலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டபோது சோபனா முதலில் ஃப்ரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டாள். பழைய ஃப்ரிட்ஜ், நின்று நின்று ஓடும், ஓடும்போதெல்லாம் தொண்டையைச் செருமும். ஆனால் அது இருந்தது சமையலறையில். சத்தம் வந்தது சோபா பக்கமிருந்து. நீளமாக ஓர் இழுப்பு, அதன் முடிவில் மெல்லிய விசில், பிறகு மறந்துபோன மாதிரி ஓர் இடைவெளி. லைட்டைப் போட்டாள். சோபாவில் யாரும் இல்லை. வெளியே பைபாஸில் ஒரு லாரி பிரேக் பிடித்துக் கடந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மாடிக் கதவைச் சாத்தப் போனாள்.

அன்று பகலில்தான் முதல் பார்ட்டி வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பள்ளிகொண்டாவில் இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும்.

வீட்டைச் சாமான்களோடு சீக்கிரம் விற்றாக வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த நவீன்குமாரைக் கான்பூர் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கட்டில், பீரோ எல்லாம் போட்ட குவார்ட்டர்ஸே கொடுத்திருந்தார்கள். அவன் முன்னால் போய்விட்டான். வீட்டை முடித்துவிட்டு வா என்று சோபனாவைச் சத்துவாச்சாரியிலேயே விட்டுப் போனான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவசரப்பட்டாள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து மாமனாரின் மருந்து, மாமனாரின் கஞ்சி, மாமனாரின் இருமல் என்றே போய்விட்டது. புருஷனோடு தனியாக ஒரு வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதைச் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்படவும் இல்லை.

மாமனார் வேதாசலம் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் மூச்சிழுப்பு முற்றிப்போய், படுக்க முடியாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குவார். எழுந்திருக்க யாருடைய தோளாவது வேண்டும்.

அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையெல்லாம் தங்கம் என்பார்கள். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. வேதாசலம் செத்தது அவிட்டத்தில். செத்தவர் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரைக் கூட்டிப் போவார் என்று ஆறு மாதம் அந்த அறையைப் பூட்டி வைப்பது வழக்கம். வாசற்படி வழியாக உடலை எடுப்பதும் கூடாது. அதனால் அறையின் ஜன்னல் கம்பியை அறுத்து, அந்த வழியாகவே அவரை வெளியே இறக்கினார்கள். இறக்கிய கையோடு அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

"செத்தவருக்கு வீடு மறந்துபோய்டும்மா" என்று அப்போது நவீனின் சித்தப்பா சொன்னார். "எந்த ரூம் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது. போன வழி ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும். அதை அடைச்சிட்டா பயம் இல்ல."

ஆறு மாதம் காத்திருக்கக் கான்பூர் கம்பெனிக்குப் பொறுமை இல்லை. புரோக்கர் பூவரசனுக்கு அதைவிட இல்லை.

"ஜன்னல் இல்லாத பெட்ரூம எவன்மா வாங்குவான்?" என்றான். "இன்னாமோ குடோன் மாதிரி கீது. அடைச்சத எடுத்துட்டு ஸ்லைடிங் ஜன்னல் ஒண்ணு போட்டுடுங்க. வீடு பறந்துடும்."

நவீனிடம் போனில் கேட்டாள். "அதெல்லாம் அந்தக் காலம். போட்டுடு சோபி" என்றான். மேஸ்திரி காசி வந்து ஒரே நாளில் செங்கலைத் தட்டி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் வெள்ளை ஜன்னலைப் பொருத்திவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே அந்த அறையில் காற்று மாதிரி ஏதோ இழுத்தது. புது ஜன்னல், இடுக்கு இருக்கும் என்று நினைத்தாள்.

வாத்தியார் தம்பதிக்கு அவள் அந்த அறையைத்தான் முதலில் காட்டினாள். புது ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, "இப்படி வாங்க, இதுதான் ஹால்" என்று கூட்டி வந்தாள். அவர்கள் ஹாலோடு நின்றுகொண்டார்கள், வாஸ்து சரியில்லையாம். சத்தமும் ஹாலோடு நின்றது.

அடுத்து வந்தது ஒரு பேங்க்காரர் குடும்பம். அதே மாதிரி அறை, ஹால், பிறகு, "இந்தப் பக்கம் கிச்சன், பாத்து வாங்க, படி இருக்கு." சாமான்கள் பழசு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அன்று பொழுது சாயும் நேரம் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வருகிற வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை எழுந்தது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்தது, மாமனாரின் சட்டையை எத்தனை சோப்பு போட்டுத் துவைத்தாலும் போகாதது. முதுகுக்குப் பின்னால், சமையலறைப் படிக்குப் பக்கத்தில், இழுப்பு. விசில். இடைவெளி. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போன வழியை அவளே திறந்து வைத்திருக்கிறாள். வந்தவருக்கு வீடு ஞாபகமில்லை. அவள்தான் ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

நவீனிடம் சொன்னாள். "தனியா இருந்து இருந்து உனக்கு இப்டிலாம் தோணுது. சீக்கிரம் முடிச்சிட்டு வா" என்றான். அவன் குரலில் கவலைதான் இருந்தது, கேலி இல்லை. அதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

ஆம்பூரில் இருந்து அஃப்ரோஸும் அவன் மனைவி தபஸ்ஸுமும் வந்தபோது சோபனா வேறு மாதிரி காட்டினாள். அந்த அறையைக் கடைசியாகத் திறந்தாள். மாடியில் தான் படுக்கும் அறையை மட்டும் பூட்டியே வைத்திருந்தாள். அஃப்ரோஸ் தோல் வியாபாரி, அதிகம் பேசவில்லை. தபஸ்ஸுமுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

"சாமான் எல்லாம் இப்டியே இருக்கட்டும் அக்கா, நாங்க எடுத்துக்கறோம். மேல ஒரு ரூம் பூட்டிருக்கே, அதையும் பாத்துடலாமா?"

"அது சும்மா, கட்டிலும் பீரோவும்தான்."

"வாங்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துட்டா நல்லது, தப்பா நெனைக்காதீங்க."

என்ன சொல்லி மறுப்பது? சோபனா முன்னால் படியேறினாள். பின்னால் அவர்கள் இருவரின் செருப்பில்லாத காலடிகள். அவற்றுக்கும் பின்னால், படிக்குப் படி நின்று, இழுப்பு. தபஸ்ஸும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள். சோபனா கதவைத் திறந்துவிட்டாள்.

வீடு முடிந்தது. ரிஜிஸ்ட்ரேஷனும் ஆனது. இவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது, வாய் வரை வரவில்லை. மாடியில் படுப்பதை விட்டுவிட்டாள். மொட்டை மாடியை அவள் யாருக்கும் காட்டவில்லை, அங்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். அவர் இந்த வீட்டோடு இருக்கட்டும், எங்களை விட்டுவிடட்டும் என்று கும்பிட்டாள். பாவம்தான். அந்தப் பெண் நல்ல பெண். இருந்தாலும் கும்பிட்டாள்.

கிளம்புகிற நாள் சாயங்காலம். காட்பாடி போக ஆட்டோ சொல்லியாகிவிட்டது. பெட்டி இரண்டும் ஹாலில் இருந்தன. அந்த அறையின் கதவு திறந்துதான் கிடந்தது, அதைத் தொடவே அவளுக்கு மனமில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது நவீன் வீடியோ காலில் வந்தான். ஷேவ் செய்து, புதுச் சட்டை போட்டு, சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாவி குடுத்துட்டியா?"

"போற வழில புரோக்கர்கிட்ட குடுத்துடுவேன்."

"ஒரு நிமிஷம் இரு. உன் வீட்டைக் காட்டறேன், பாரு."

அவன் கேமராவைத் திருப்பினான். பச்சை கேட். "இதான் மெயின் ரோடு பக்கம். உள்ள வந்ததும் லெஃப்ட்ல படி." அவன் படியேறினான். சோபனாவுக்குச் சிரிப்பு வந்தது, எத்தனை நாளைக்கு அப்புறமோ வந்த சிரிப்பு. "ரெண்டாவது மாடி. இதான் நம்ம கதவு. இது ஹால், சின்னதுதான். இது கிச்சன். உனக்குன்னு மிக்ஸி வாங்கி வெச்சிருக்கேன், பாத்தியா?"

சுண்ணாம்பு வாசனை.

தோளுக்கு மேலே, மிகப் பக்கத்தில், இழுப்பு. போனைச் சேர்ந்து பார்க்கக் குனிந்தது போல. காதோரம் மயிர் அசைந்தது.

"இந்தப் பக்கம் ஒரு குட்டி ரூம் இருக்கு" என்றான் நவீன்.

"காட்டாதீங்க."

"இன்னா?"

"வேணாங்க. கட் பண்ணுங்க. காட்டாதீங்க."

"லைன் சரியில்ல, கேக்கல. இரு, உள்ள வர்றேன்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விரல் வியர்த்து வழுக்கியது. மறுபடியும் அழுத்தினாள், கால் கட் ஆகவில்லை. அதற்குள் அவன் கதவைத் தள்ளித் திறந்து, அறை முழுவதையும் காட்டிவிட்டான். ஒரு கட்டில். ஒரு ஜன்னல்.

காதருகே மூச்சு நின்றது.

ஹாலில் எதுவும் இல்லை. சமையலறையில் இல்லை. மாடியில் இல்லை. வீடு வெறும் வீடாக இருந்தது.

நவீன் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினான். கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். "இந்த ரூம இன்னா பண்றதுன்னு நீயே வந்து சொல்லு" என்று சிரித்தான்.

அவனுக்குப் பின்னால் கட்டிலின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களில் கை ஊன்றி, தலை குனிந்து. முதுகு ஏறியது. இறங்கியது. ஏறியது.

சோபனா கத்தினாள். அவனுக்கு அது கேட்கவில்லை.

குனிந்திருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கை காற்றில் பிடிமானம் தேடியது, சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கை.

பிறகு அது நவீனின் தோளைப் பிடித்துக்கொண்டது.