ஆம்பரோ இறங்கிய வீடு

ஆம்பரோவின் சவப்பெட்டிக்கு முன் நின்றுவிட்டு, ரோடெலியோ மத்தியானம் நேராக என் அறைக்கு வந்தான்.

எங்கள் ஊரில் இழவு வீட்டிலிருந்து யாரும் அப்படி வர மாட்டார்கள். வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து, பின்னாலேயே வருகிற செத்தவரின் ஆவியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுப் படியேறுவோம்.

ஆம்பரோ, அவன், நான் மூவரும் மணிலாவில் ஒரே மனோதத்துவத் துறையில் வேலை பார்த்தோம். மனிதர்களின் குரூரத்துக்கு மதிப்பெண் போடுவது எங்கள் ஆராய்ச்சி. ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவனை ரயில் முன் தள்ளுவாயா என்று கேட்டால், ரோடெலியோ யோசிக்காமல் தள்ளுவேன் என்பான். நான் மாட்டவே மாட்டேன் என்பேன். ஆம்பரோவின் ஆய்வைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டவனும் அவன்தான். அந்த ஏக்கத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

"கடையில உக்காந்துட்டு வரலையா?" என்றேன்.

"எதுக்கு, லிகாயா? எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கா. நீ தனியாத்தானே இருக்க."

காபியைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பாவி.

சற்று நேரத்தில் மெழுகுவர்த்திப் புகையும் வாடிய மல்லிகையும் மணந்தன. வெளியே ஓடப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு நகரவில்லை.

ஜன்னலும் அப்படியே. போன் உயிரில்லாமல் கிடந்தது. கத்தினேன், மாடிப்படியில் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலி நாற்காலியில் விடைத்தாள்கள் புரளும் சத்தம் நள்ளிரவு தாண்டியும் நிற்கவில்லை. ஆம்பரோ அப்படித்தான் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவாள்.

"நான் உனக்கு என்னடி பண்ணேன்?" என்று அழுதேன்.

சத்தம் நின்றது. கட்டிலின் மறு ஓரம் அமுங்கியது.

மறுநாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியிலிருந்து தள்ளியதும் சுலபமாகத் திறந்துகொண்டது. என் தங்கை நெனிதா, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"போனை ஏன்க்கா எடுக்கல?"

உள்ளே வராதே என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவள் படியிறங்க இறங்க மணம் குறைந்து, இல்லாமல் போனது. கதவைச் சாத்தித் திறந்து பார்த்தேன். திறந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் சாத்தித் திறந்தேன்.

போன் அடித்தது.

"அக்கா, ஜீப்னி டிரைவர் என்னமோ உளர்றாரு. பக்கத்துல இருக்கிற அம்மாவைத் தள்ளி உக்காரச் சொல்லுங்கறாரு. என் பக்கத்துல யாருமே இல்லக்கா."

அவள் குரலுக்குப் பின்னால் காகிதம் புரண்டது.

"பயமா இருக்கு. திரும்பி அங்கயே வந்துரட்டுமா?"

திறந்த கதவு வழியாக வெயில் என் கால்வரை வந்திருந்தது.

"வேணாம்டி," என்றேன். "புள்ள தேடுவான். வீட்டுக்குப் போ."