தேதி: இப்போது

நான்கு மணி அடித்ததும் அலுவலகம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்தார்கள். போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்தினார்கள். காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒட்டியிருந்த வில்லை பதினோரு நொடி லேசாகச் சுட்டது. பிறகு எல்லோரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். நேற்று நான்கு மணியிலிருந்து இன்று நான்கு மணிவரை நடந்தது பேழையில் ஏறிவிட்டது.

மறதிக் காய்ச்சல் வந்து அறுபது வருடம் ஆகிறது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு எந்த மனித மூளையாலும் எதையும் ஒன்பது நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிறந்த குழந்தைகளுக்கும் அதே கதிதான். அதனால் ஆளுக்கொரு நினைவுப்பேழை. ஒவ்வொரு நாளின் மாற்றமும் முந்தைய நாளின் மேல் ஓர் அடுக்காகப் படியும். அடுக்குக்கு அடுக்கு தேதி இருக்கும். ஒருவர் தன் கல்யாணத்தை நினைத்தால் அது தலைக்குள்ளிருந்து வருவதில்லை, பேழையிலிருந்து வருகிறது. வித்தியாசம் யாருக்கும் தெரிவதில்லை.

பழைய பேழைகளைக் கட்டிய நிறுவனம் தொழிலை விட்டுவிட்டது. மாதக் கடைசிக்குள் எல்லோரையும் புதிய பேழைக்கு மாற்றியாக வேண்டும். அதற்கான கருவிக்குப் பெயர்ப்பி என்று பெயர். பொறியாளர்கள் இம்போர்ட் டூல் என்பார்கள். பொள்ளாச்சியில் இருந்த அந்த அலுவலகத்தில் அங்கவை ஆவண எழுத்தாளர். பொறியாளர்கள் அவசரத்தில் எழுதிய பெயர்ப்பியின் கையேட்டை, மையங்களில் வேலை செய்பவர்களுக்குப் புரியும்படி திருத்தி எழுதுவது அவள் பொறுப்பு.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையேட்டில் 'இதைச் செய்யவும்' என்று எங்கே இருந்தாலும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில், பழைய அடுக்குகளின் தேதியை எப்படிப் படிப்பது என்று கருவிக்குச் சொல்லும் இடத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'நாள்வடிவம்: தேவைப்பட்டால் குறிப்பிடவும்.'

பெயர்ப்பியை எழுதிய ஜெர்வின் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"ஜெர்வின், இந்த இடத்தைக் காலியா விட்டா என்ன ஆகும்?"

"காலியா விட்டா 'இப்போது'ன்னு எடுத்துக்கும். நாங்க டெஸ்ட் பண்றப்ப வசதிக்கு வச்சது."

"மாத்துன அன்னைக்குத் தேதி விழுமா?"

"இல்ல. தேதிக்குப் பதிலா 'இப்போது'ங்கிற சொல்லே உள்ள போய் உக்காந்துக்கும். எப்ப எடுத்துப் பாத்தாலும் இப்போதுதான்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "நிஜ ஆளுக்கு அப்படி யாரும் விட மாட்டாங்க, அங்கவை."

"தேவைப்பட்டால்னு எழுதியிருக்கே. தேவையில்லைன்னு நினைச்சா?"

அவன் முதல் தவணையின் பதிவேட்டைத் திறந்தான். உடுமலை மையத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்த இடம் காலியாக விடப்பட்டிருந்தது. ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்திருந்த புகார் ஒன்றே ஒன்று. அதில் கவினேஷ் என்பவர் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'என் மனைவிக்கும் எனக்கும் நாள் ஒத்துப்போகவில்லை. யாராவது வந்து பார்க்கவும்.'

மறுநாள் காலையில் அங்கவை உடுமலைக்குப் போனாள். வாய்க்காலை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. கவினேஷுக்கு அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்தவர் உள்ளே கையைக் காட்டினார். கூடத்தில் அவர் மனைவி தாரணி எழுந்து நின்று வரவேற்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க கண்ணு, உக்காருங்க. வீடு கெடக்கற கெடைய பாக்காதீங்க. ஒரே நாள்ல எத்தனைதான் பாக்கறதுங்க? கல்யாண ஊடு, புள்ளப் பேறு, எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது."

"என்ன குழந்தைங்கம்மா?"

"பொண்ணுங்க. மிதிலான்னு பேரு. இப்பத்தான் பொறந்தா. செவுத்தப் புடிச்சு நடந்து காட்டுனா. பள்ளிக்கோடத்துக்குப் போக மாட்டேன்னு ஒரே அழுகை." அதே மூச்சில் அவள் குரல் உடைந்தது. "வாய்க்கால்ல இருந்து தூக்கிட்டு வந்து இதோ இங்கதான் போட்டாங்க. தல ஈரம் இன்னும் காயலைங்க."

அவள் காட்டிய இடத்தில் வெறும் தரை இருந்தது. அங்கவையின் கால் தானாகப் பின்னுக்கு நகர்ந்தது.

"பதினெட்டு வருசம் ஆச்சுங்க மேடம்" என்றார் கவினேஷ், சுவரைப் பார்த்தபடி.

"எனக்கும் கணக்குத் தெரியுமுங்க" என்றாள் தாரணி. "காலண்டர் பாக்கத் தெரியாதவளா நானு? எனக்கு அம்பத்தெட்டு வயசு. ஆனா நெனச்சா எல்லாம் இப்பத்தான் நடக்குது. முன்னாடி எது, பின்னாடி எதுன்னு தெரியுது. எத்தனை தூரம்னுதான் தெரியல."

அங்கவை குனிந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். தவறு தங்களுடையது என்றாள். பழைய பேழை மாதக் கடைசிவரை இருக்கும், அதற்குள் மறுபடி மாற்றினால் தேதிகள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்துவிடும், வலியும் குறைந்துவிடும் என்றாள்.

தாரணி அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

"தேதி போட்டீங்கன்னா எம்பொண்ணு செத்துப் பதினெட்டு வருசம் ஆயிருமுங்க. இப்ப ஒரு மணி நேரங்கூட ஆகல. அவ பொறந்தும் ஒரு மணி நேரம் ஆகல. வேண்டாமுங்க. நீங்க போயிட்டு வாங்க."

பிறகு அவள் முகம் மறுபடி மலர்ந்தது. வெறும் தரையிலிருந்து எதையோ தூக்கி இடுப்பில் வைப்பதுபோல் கையை வளைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் யாரையோ கொஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்திலிருந்து ஓலம் கேட்டது.

வாசல்வரை வந்த கவினேஷ், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்களை வற்புறுத்த முடியாதுங்க. உங்க புகாரை நான்..."

"அது புகார் இல்லீங்க மேடம். எழுதத் தெரியாம எழுதிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னை வேற மையத்துல மாத்துனாங்க. எனக்குத் தேதி சரியா இருக்குது. ஒரே ஊட்டுக்குள்ள அவ ஒரு நாள்ல இருக்கறா, நான் ஒரு நாள்ல இருக்கறேன். அவ புள்ளைய எங்கிட்ட நீட்டறா. எங் கையில ஒண்ணும் இல்லீங்க. என்னோடதுலயும் அந்தத் தேதிய எடுத்துவிட முடியுமுங்களா?"

முடியாது என்று சொல்லிவிட்டு அங்கவை பஸ் ஏறினாள். செய்ய முடியாததல்ல, செய்யக் கூடாது என்று நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க மீதி முந்நூற்றுப் பதினொரு பேரையும் போனில் பிடித்துப் பேசினாள். தேதி போடச் சம்மதித்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் மரியாதையாக மறுத்தார்கள். ஒரு கிழவர், "அம்மா பக்கத்துல இருக்காங்க, மெதுவாப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு எண்பத்தோரு வயது.

இனி ஒருவருக்கும் இது நேரக் கூடாது. எண்பத்தெட்டாம் பக்கத்தை அங்கவை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு வரி ஒரு பக்கமானது. 'இந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அந்த மனிதருக்கு எதுவும் கடந்துபோகாது. இறந்தவர்கள் அப்போதுதான் இறந்திருப்பார்கள். பிரிந்தவர்கள் அப்போதுதான் பிரிந்திருப்பார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பிறந்திருப்பார்கள்.' ஜெர்வின் அதை இரண்டு முறை படித்தான். "இதைவிடத் தெளிவா எழுத முடியாது" என்றான்.

கையேடு வெளியான ஆறாம் நாள் உடுமலை மையத்திலிருந்து போன் வந்தது. ஜனங்கள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வருகிறார்களாம். அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

அங்கவை ஜெர்வினிடம் ஓடினாள். "அந்த வசதியையே எடுத்துடு."

"காலைலேயே கேட்டுட்டேன். மேலிடத்துல முடியாதுங்கிறாங்க. கையேட்டுல இருக்கிற தேர்வு, கேக்கிறவங்களுக்குக் கொடுத்தாகணுமாம். இன்னும் நாலு மையத்துல இருந்தும் கேட்டிருக்காங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ எழுதுறவரைக்கும் யாருக்கும் தெரியாது, அங்கவை."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவள் உடுமலை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வரிசை கட்டடத்தைச் சுற்றித் தெருமுனைவரை நின்றது. வெயிலில் அத்தனை பேர் நின்றும் சத்தமே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் நான்காக மடித்த ஒரு தாள். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் நாள்வடிவம் என்னவென்று கேட்டாள். ஒவ்வொருவரும் தாளை விரித்து, அங்கவை எழுதிய வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

"வேண்டாங்க, இதைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று அங்கவை ஓர் அம்மாளின் கையைப் பிடித்தாள்.

"படிச்சதாலதானுங்க வந்தேன்" என்றாள் அந்த அம்மாள். கையை விடுவித்துக்கொண்டு வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கவினேஷ் வெளியே வந்தார். காதுக்குப் பின்னால் தோல் சிவந்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டியவர், அங்கவையை அடையாளம் கண்டு வேகமாக வந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மேடம், பொண்ணு பொறந்திருக்குதுங்க" என்றார். "ரெண்டே முக்கால் கிலோ. அம்மாவும் புள்ளையும் சொகமா இருக்காங்க."

அங்கவை அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே அவர் தலை மெல்ல, வாய்க்கால் இருந்த பக்கம் திரும்பியது. "தல ஈரம் இன்னும் காயலைங்க" என்றார்.

கவுன்ட்டர்ப் பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.