அரைப்பேர் இலை

கூடையில் ஓர் இலை கூடுதலாக இருந்தது.

முன்பள்ளிக்கு அன்று வந்திருந்தது பன்னிரண்டு பிள்ளைகள்தான். விஜயகலா டீச்சர் பச்சைக் கடதாசியில் தேயிலைக் கொழுந்து வெட்டக் கொடுத்திருந்தாள். அவரவர் இலையில் அவரவர் பேரை எழுதி, அட்டைப்பெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, 'மலை' என்று வைத்துக்கொண்ட பின்சுவரோரம் போய் நிற்க வேண்டும். அதற்கொரு பாட்டும் அவளே கட்டியிருந்தாள்.

பெரட்டுக்கு வந்தது யாரு யாரு?
பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு!
கொழுந்துக் கூடை நிறைஞ்சு போச்சு,
மலைக்கு ஏறு, மலைக்கு ஏறு!

காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் ஆயிற்றே, ஒரே நாளில் பாடமாகிவிட்டது. கத்தரிக்கோலில் விரலை வெட்டிக்கொண்டது ஒருத்தி மட்டும். அதுவும் டீச்சரின் ஒரே மகள், நாலு வயது தர்மிளா. நல்ல டீச்சர் வீட்டுப் பிள்ளைதான் என்று சிரித்தபடி அவள் கட்டைவிரலில் விஜயகலா பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள்.

பதின்மூன்றாவது இலையில் பேர் இல்லை. தொட்டால் ஈரம். டீச்சர் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இது யாரு, பிந்தி வந்தது? பிந்தி வந்தா அரைப்பேருதான்!"

தோட்டத்துக் கூலிக் கணக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பிள்ளைகளுக்கும் அது தெரியும், கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் விளையாட்டாக இலையில் 'அரைப்பேர்' என்று எழுதிக் கூடையில் போட்டாள்.

பால் கலக்கிக்கொண்டிருந்த ஆயா ஜெயம்மாவின் கை அப்படியே நின்றது.

"அனே டீச்சர், ஏன் பேரு போட்டீங்க? பேரு விழுந்துட்டா வேலைக்கு வந்த மாதிரிதான். அரைப்பேரு வாங்குனது மத்தப் பாதியக் கேட்டு வருங்க."

"என்னங்கக்கா நீங்க, ஒரு கடதாசிக்குப் போயி..."

ஜெயம்மா ஜன்னலைப் பார்த்தாள். எதிரே, எட்டு வருடத்துக்கு முன் சரிந்த மலை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக்காம்பரா, தொட்டில்களோடு அதன் அடியில்தான் கிடக்கிறது. பேர் வைக்காத குழந்தை ஒன்றும் அன்று அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், நனைந்த செருப்புகளின் வாடை, பசைக்குக் காய்ச்சிய மாவின் புளித்த மணம், எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசம். பன்னிரண்டு பேரும் பேர் சொல்லி முடித்த பிறகு, பின்சுவர்ப் பக்கமிருந்து இன்னொரு குரல், வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு பேசுவதுபோல, என்னவோ சொல்ல ஆரம்பித்து, சொல்லப் பேர் இல்லாமல் நின்றது. பிள்ளைகள் ஒருவரும் பயப்படவில்லை. சற்று நகர்ந்து யாருக்கோ இடம் விட்டார்கள்.

விஜயகலா பிள்ளைகளை உட்காரவைத்தாள். இனி இந்தப் பாட்டு வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்தார்கள். அதட்டினாள், மேசையைத் தட்டினாள். யாரும் நிறுத்தவில்லை.

"பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு!"

"தர்," என்றாள் மகள்.

"முழுப்பேரையும் சொல்லும்மா."

"முழுசா இல்லம்மா. பாதிய அதுக்குக் குடுத்துட்டேன். பேரு இல்லன்னு அழுதுச்சு."

விஜயகலா கூடையைக் கவிழ்த்தாள். மகளின் இலை நடுவில் வெட்டியிருந்தது. 'தர்' மட்டும். அரைப்பேர் இலையில் மற்றப் பாதியைப் பசை போட்டு அழகாக ஒட்டியிருந்தார்கள். 'மிளா'.

இரண்டையும் அடுப்பில் போட்டாள். ஈரம். பற்றவில்லை.

ஜெயம்மா அவள் கையைப் பிடித்தாள். "பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருங்க. பேரு சொல்லி மட்டும் கூப்பிட்டுறாதீங்க டீச்சர். கூப்பிட்டா ரெண்டும் வரும்."

பின்னேரம் மூன்று மணிக்கே ரோட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடிருக்கும் லயத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். வளைவில் கால் சறுக்கியது. ஒரு நொடிதான் கை விட்டது.

இடுப்பில் பிள்ளை இல்லை.

"பாப்பா! என் தங்கம்! அம்மாகிட்ட வா!"

சரிந்த மலைப் பக்கமாகச் சின்னச் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. இடையில் பள்ளம். நாலு வயதுப் பிள்ளைக்குப் பள்ளம் தெரியுமா? "மகளே!" என்றாள். சத்தம் நிற்கவில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. பெற்றவளால் எப்படி முடியும்?

"தர்மிளா!"

செருப்புச் சத்தம் நின்றது.

கீழே பள்ளத்துப் பக்கம், "தர்."

மேலே மலைப் பக்கம், "மிளா."

பிறகு மழை மட்டும். பிறகு அவள் வலது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. உயிர் வந்தது. இறுகப் பிடித்துக்கொண்டாள், கட்டைவிரலைத் தடவினாள். பிளாஸ்டர் இருந்தது. அவள் மகள்தான்.

இடது கைக்குள்ளும் ஒன்று நுழைந்தது.

அதே அளவு. அதே குளிர். கட்டைவிரலில் அதே பிளாஸ்டர்.

குனிந்து பார்க்கத் தைரியமில்லை. எந்தக் கையை விடுவது?

"மலைக்கு ஏறு, மலைக்கு ஏறு," இரண்டு பக்கமும் ஒரே குரலில் பாடின. இரண்டும் சேர்ந்து இழுத்தன. அவள் ஏறினாள்.